தராசு யார் கையில்: காங்கோவின் கனிமங்களும் போரும்

கேட்கப்பட்ட கேள்வி இது: "காங்கோவில் நடக்கும் போர் நம் கைபேசிக்குள் இருக்கும் கனிமங்களுக்காகத்தான் என்கிறார்களே, உண்மையா? சீனாவும் அமெரிக்காவும் அங்கே போட்டி போடுவதால் அந்த மக்களுக்கு ஏதேனும் நன்மை உண்டா? மனசாட்சி உறுத்தாமல் வாங்கக்கூடிய கைபேசி என்று ஒன்று இருக்கிறதா?"

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கோபால்ட் குழியில் நிற்கும் ஒரு சிறுவனின் படத்தைப் போட்டு, அதன் கீழே கிழக்கு காங்கோவின் போரைப் பற்றி எழுதும் பதிவுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் படமும் அந்தப் போரும் ஒரே நாட்டைச் சேர்ந்தவைதான். ஆனால் ஒரே இடத்தைச் சேர்ந்தவை அல்ல. கோபால்ட்டும் செம்பும் கிடைப்பது தென்கிழக்கே, பழைய கட்டங்கா மாகாணத்தில், கொல்வேசி நகரைச் சுற்றி. போர் நடப்பது அங்கிருந்து நேர்க்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ருவாண்டா எல்லையை ஒட்டிய கிவு பகுதியில்; அங்கே கிடைப்பவை கோல்ட்டான், வெள்ளீயம், டங்ஸ்டன், தங்கம். இரண்டு இடங்களிலும் அநியாயம் உண்டு என்றாலும் இரண்டும் வேறு வேறு வகையானவை. ஒன்றுக்கான மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்ததால் நேர்ந்த கேடும் கொஞ்சமல்ல.

கிவுவிலிருந்து தொடங்குகிறேன். கோமா நகருக்கு வடமேற்கே அறுபது கிலோமீட்டர் அளவில், மசிசி மலைகளுக்கு நடுவே ரூபயா என்ற ஊர் இருக்கிறது. உலகில் கிடைக்கும் டான்டலத்தில் ஏறத்தாழ 15 விழுக்காடு இந்த ஒரே ஊரைச் சுற்றியுள்ள குழிகளிலிருந்து வருகிறது. பெரிய இயந்திரங்கள் எதுவும் இல்லை. மலைச்சரிவை மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் குடைந்து, மண்ணை ஓடைநீரில் அலசினால், லேசான மண் அடித்துக்கொண்டு போய்விட, கனமான கருமணல் அடியில் தங்கும். அதுதான் கோல்ட்டான். அதிலிருந்து பிரிக்கப்படும் டான்டலம், அரிசிமணி அளவேயுள்ள மின்தேக்கிகளாகி, கைபேசியிலும் மடிக்கணினியிலும் விமானக் கருவிகளிலும் போய்ச் சேர்கிறது. 2024 ஏப்ரல் இறுதியில், ருவாண்டாவின் ஆதரவு பெற்றது என்று ஐ.நா. சொல்லும் எம்23 என்ற ஆயுதக்குழு ரூபயாவைக் கைப்பற்றியது. அதன் பிறகு அந்தக் குழு அங்கே சுரங்கத் துறைபோல ஒரு நிர்வாகத்தையே அமைத்து, தோண்டுபவர்களுக்கும் வியாபாரிகளுக்கும் அனுமதிச் சீட்டு கொடுத்து, கோல்ட்டான்மீது விதிக்கும் வரியால் மாதத்துக்கு 8 லட்சம் டாலர் அளவுக்கு ஈட்டியதாக ஐ.நா. வல்லுநர் குழு மதிப்பிட்டது. சரக்கு எல்லை தாண்டி ருவாண்டாவுக்குள் போய், அந்நாட்டில் எடுக்கப்பட்ட கனிமத்தோடு கலந்து, ருவாண்டாச் சரக்காகவே ஏற்றுமதியாகிறது என்பதும் அக்குழுவின் முடிவு. ருவாண்டா இதை மறுக்கிறது. தன் எல்லையைக் காக்கவே நடவடிக்கை எடுப்பதாகச் சொல்கிறது.

அப்படியானால் போர் கோல்ட்டானுக்காகத்தான் என்று சொல்லிவிடலாமா என்றால், நான் சொல்லமாட்டேன். கிவுவின் பகை கோல்ட்டானுக்கு மூத்தது. பெல்ஜியர் ஆட்சிக்காலத்தில் ருவாண்டாவிலிருந்து கூலிகளாகக் கொண்டுவந்து மசிசியில் குடியேற்றப்பட்டவர்களின் வழித்தோன்றல்களும், அதற்கு முன்பிருந்தே அங்கு வாழ்ந்துவந்த ருவாண்டா மொழி பேசுவோரும் காங்கோவின் குடிமக்கள்தானா என்ற கேள்வி அங்கே ஒருநாளும் அடங்கியதில்லை. 1981ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைக் கேள்விக்குறியாக்கியது. குடியுரிமை போனால் நிலத்தின்மேல் உள்ள உரிமையும் போகும். 1993இல் மசிசியில் வெடித்த வன்முறை நிலத்துக்கும் உள்ளூர் அதிகாரத்துக்குமான சண்டைதான். அப்போது கோல்ட்டானைப் பற்றி யாரும் பேசவில்லை. மறு ஆண்டு ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்தது. அதை நடத்திய படையினரும் அவர்களோடு பத்து லட்சத்துக்கும் அதிகமான அகதிகளும் எல்லை தாண்டி வந்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1996இல் ஒரு போரும், 1998இல் ஒன்பது நாடுகள் வரை இழுத்துவந்த இன்னொரு போரும் மூண்டன.

கனிமம் இந்தக் கதைக்குள் பெரிய அளவில் நுழைந்தது இரண்டாவது போரின் நடுவில்தான். 2000ஆம் ஆண்டில் மின்னணுப் பொருள்களின் தேவை திடீரென்று உயர்ந்து, டான்டலத் தாதுவின் விலை ஓராண்டுக்குள் ஏறத்தாழ பத்து மடங்கு ஏறியது. வந்த வேகத்திலேயே அடுத்த ஆண்டில் சரிந்தும் விட்டது. அந்தச் சில மாதங்களில் கிழக்கு காங்கோவைப் பிடித்துவைத்திருந்த படைகள் ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டன: போர் செய்துகொண்டே அதற்கான செலவையும் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அது. 2001இல் ஐ.நா. நியமித்த குழு ருவாண்டா, உகாண்டா படைகளின் கனிமச் சூறையை விவரமாக எழுதியது. இருபது ஆண்டுகள் கழித்து, 2022 பிப்ரவரியில், பன்னாட்டு நீதிமன்றம் உகாண்டா 32.5 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதில் இயற்கை வளங்களுக்கானது 6 கோடி. மீதி பெரும்பகுதி உயிரிழப்பு உள்ளிட்ட மனித இழப்புகளுக்கு. காங்கோ கேட்டதோ 1,100 கோடி டாலருக்கும் மேல். ருவாண்டா அந்த நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஏற்காததால் அதன்மீது வழக்கே நிற்கவில்லை.

ஆக, கனிமம் பகையை உண்டாக்கவில்லை. பகை தீராமல் இருப்பதற்கு வேண்டிய வருமானத்தைக் கொடுத்தது. இந்த வேறுபாடு வெறும் சொல்விளையாட்டு அல்ல. ஏனெனில் ஆயுதக்குழுக்களுக்குக் கனிமம் மட்டுமே வருமானம் அன்று. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, இரண்டு கிவு மாகாணங்களிலும் ஏறத்தாழ 800 சாலைத் தடைகளைக் கணக்கெடுத்தது. ஒரு மூங்கில் கழியைக் குறுக்கே போட்டு, பக்கத்தில் துப்பாக்கியோடு இரண்டு பேர் நின்றால் அது ஒரு சுங்கச்சாவடி. கரி மூட்டை, மரப்பலகை, பீன்ஸ், வாழைத்தார், சந்தைக்குப் போகும் பெண்ணின் கூடை என எது கடந்தாலும் தண்டல் உண்டு. அந்தக் கழியைத் தூக்கிப்பிடிப்பவர்களில் அரசின் சொந்த ராணுவத்தினரும் அடக்கம். கனிமத்தை மட்டும் அடைத்துவிட்டால் போர் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டவர்கள் இந்தக் கழியைப் பார்க்கத் தவறினார்கள்.

அந்தக் கணக்கைப் போட்டது அமெரிக்க நாடாளுமன்றம். 2010 ஜூலையில் நிறைவேறிய டாட்–ஃப்ராங்க் சட்டத்தின் 1502ஆம் பிரிவு, வெள்ளீயம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகிய நான்கும் காங்கோ வட்டாரத்திலிருந்து வந்தவையா என்று நிறுவனங்கள் விசாரித்து அறிக்கை தர வேண்டும் என்றது. நோக்கம் நல்லதுதான். ஆனால் வாங்குபவர்களுக்கு விசாரிப்பதைவிட விலகிக்கொள்வது எளிதாக இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் காங்கோ அதிபர் ஜோசப் கபிலா கிழக்கு மாகாணங்களில் கைத்தொழில் சுரங்கத்தையே தடைசெய்தார். தடை 2011 மார்ச் வரை நீடித்தது. குழியை நம்பிப் பிழைத்த குடும்பங்களுக்குப் பள்ளிக்கட்டணமும் மருந்துச் செலவும் நின்றுபோயின. அந்தப் பகுதிக் கிராமங்களில் சிசு இறப்பு கூடியதைப் பின்னாளில் ஓர் ஆய்வு காட்டியது. ஆயுதக்குழுக்களோ தங்கத்தின் பக்கம் திரும்பின. கோல்ட்டானுக்கு லாரி வேண்டும்; தங்கத்துக்குச் சட்டைப்பை போதும். 2014இல் ஆய்வாளர்களும் காங்கோவைச் சேர்ந்த சமூக ஆர்வலர்களும் சேர்ந்து, எங்களைக் கேட்காமல் எங்களுக்காகப் போட்ட திட்டம் இது என்ற பொருள்பட ஒரு பகிரங்கக் கடிதமே எழுதினார்கள்.

சட்டத்துக்கு ஈடுகொடுக்க வந்தது மூட்டைக்கு அடையாளச்சீட்டு கட்டும் முறை. குழியின் வாயிலிலேயே மூட்டையின் கழுத்தில் எண்ணிட்ட பிளாஸ்டிக் சீட்டு ஒன்றைக் கட்டிவிட்டால், அது உருக்காலை வரைக்கும் சாட்சி சொல்லும் என்பது எண்ணம். ஆனால் சீட்டைக் கட்டுபவர் ஒரு சிற்றூரில், மாதச் சம்பளம் ஒழுங்காக வராத ஓர் அரசு ஊழியர். எங்கிருந்தோ வந்த மூட்டைக்கும் சீட்டு கட்டப்பட்டதையும், சீட்டுகளே விலைக்குக் கைமாறியதையும் குளோபல் விட்னஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட அறிக்கை விவரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் இதே நான்கு கனிமங்களுக்கு 2021 ஜனவரி முதல் தன் சொந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. அதே ஒன்றியம் 2024 பிப்ரவரியில் ருவாண்டாவோடு முக்கியக் கனிமங்களுக்கான உடன்படிக்கையிலும் கையெழுத்திட்டது. ஒரு வருடத்துக்குள் கிவுவின் இரு பெரிய நகரங்களான கோமாவும் புகாவுவும் எம்23 கைக்குப் போய்விட்டன. இதற்கு மேல் நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

இனி தெற்கே வருவோம். உலகின் கோபால்ட்டில் 70 விழுக்காட்டுக்கும் மேல் காங்கோவிலிருந்து வருகிறது. 2024இல் ஏறத்தாழ 2,20,000 டன். பெரும்பங்கு பெரிய நிறுவனங்களின் திறந்தவெளிச் சுரங்கங்களில் இயந்திரங்களால் எடுக்கப்படுவது. விலைக்கேற்ப ஏறி இறங்கும் ஒரு பங்கு கையால் தோண்டி எடுப்பது. கையால் தோண்டுவது என்றால் என்ன என்பதற்குக் கொல்வேசியின் கசூலோ குடியிருப்பு நல்ல எடுத்துக்காட்டு. 2014இல் அங்கே ஒருவர் தன் மனையைத் தோண்டும்போது கோபால்ட் தாது தட்டுப்பட்டது. செய்தி பரவ, அடுத்த சில மாதங்களில் அந்தப் பகுதியில் வீட்டுக்கு வீடு குழி. சிலர் படுக்கையறைத் தரையையே உடைத்து இறங்கினார்கள். தாங்குகட்டை இல்லாத சுரங்கவழிகள் பக்கத்து வீட்டுக்கு அடியிலும் தெருவுக்கு அடியிலும் ஓடின. 2017இல் நூற்றுக்கணக்கான குடும்பங்களை வெளியேற்றிவிட்டு, அந்தப் பகுதியில் ஒரு பாகத்தைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். உள்ளே தோண்டுவது கூட்டுறவுச் சங்கம். வாங்குவது ஒரே ஒரு சீன நிறுவனம். சிறுவர்களும் கர்ப்பிணிகளும் மதிலுக்கு உள்ளே விடப்படவில்லை என்பது உண்மையான முன்னேற்றம். வாங்குபவர் ஒருவரே என்றால் விலை சொல்பவரும் அவரே என்பது அந்த முன்னேற்றத்தின் மறுபக்கம்.

மதிலுக்கு வெளியே எடுக்கப்படும் தாது மோட்டார் சைக்கிளில் ஏறி, ஊருக்கு வெளியே முசொம்போ போன்ற சந்தைகளுக்குப் போகும். தார்ப்பாய்க் கொட்டகைகள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பலகை, அதில் தாதுவின் தரம் விழுக்காட்டில், எதிரே கிலோவுக்கு என்ன விலை என்று. வாங்குபவர் மூட்டைக்குள் கைவிட்டுச் சில கற்களை எடுத்து, தாதுவின் தரத்தை எக்ஸ்-கதிரால் அளக்கும், துப்பாக்கிபோல இருக்கும் ஒரு கருவியை அதன்மேல் பிடிப்பார். தோண்டுபவர்கள் அதை மெட்டோரெக்ஸ் என்பார்கள். ஒரு நிறுவனத்தின் பெயர் கருவிக்கே பெயராகிவிட்டது. சில நொடிகளில் ஓர் எண் தெரியும். அந்த எண்தான் இரண்டு நாள் உழைப்பின் கூலி. கருவி வாங்குபவருடையது, தராசும் அவருடையது, ஈரத்துக்கென்று கழிப்பதும் அவர்தான். அந்த எண் சரிதானா என்று பார்க்கத் தோண்டியவரிடம் எதுவும் கிடையாது. நம் ஊரில் நெல் கொள்முதலில் ஈரப்பதத்துக்காக நடக்கும் வாக்குவாதத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்; இங்கே புகார் கொடுக்க ஒரு அலுவலகமாவது இருக்கிறது. 2016இல் ஆம்னெஸ்டி அமைப்பு எழுதியபோது, கல் பொறுக்கி அலசும் சிறுவர்களுக்கு நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு டாலர் கிடைத்தது. தெற்குப் பகுதிச் சுரங்கங்களில் சுமார் 40,000 சிறுவர்கள் இருப்பதாக யுனிசெஃப் 2014இல் மதிப்பிட்டிருந்தது.

இந்தத் தராசு எப்போதும் வேறொருவர் கையிலேயே இருந்தது என்பதுதான் கட்டங்காவின் நூறாண்டு வரலாறு. 1906இல் பெல்ஜியர் நிறுவிய யூனியன் மினியேர் என்ற சுரங்க நிறுவனம் அங்கே ஓர் அரசாங்கம் போலவே நடந்தது. ஹிரோஷிமாவில் வீசப்பட்ட குண்டுக்கான யுரேனியத்தில் பெரும்பகுதி கட்டங்காவின் ஷின்கொலோப்வே சுரங்கத்திலிருந்து போனது. 1960 ஜூன் 30இல் நாடு விடுதலை பெற்றது. பதினோரு நாள் கழித்து, ஜூலை 11இல், பெல்ஜியத்தின் ஆதரவோடு கட்டங்கா பிரிந்துபோவதாக அறிவித்தது. முதல் பிரதமர் பத்ரீஸ் லுமும்பா அந்தக் கட்டங்கா மண்ணிலேயே 1961 ஜனவரி 17இல் கொல்லப்பட்டார். பின்னர் ராணுவப் புரட்சியால் ஆட்சியைப் பிடித்த மொபுட்டு வந்து சுரங்கங்களை நாட்டுடைமையாக்கி ஜெகமீன்ஸ் என்ற அரசு நிறுவனத்தை உருவாக்கினார். 1980களின் நடுவில் ஆண்டுக்கு நாலரை லட்சம் டன்னுக்கும் மேல் செம்பு எடுத்த அந்த நிறுவனம், கொள்ளையும் பராமரிப்பின்மையும் சேர்ந்து, பத்தே ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்குகூட எடுக்க முடியாத நிலைக்கு வந்தது. வேலையிழந்த தொழிலாளர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் கையால் தோண்டும் முதல் தலைமுறை. "கனிமம் ஒரு சாபம்" என்ற வழக்கு எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான். சாபத்துக்குக் கையெழுத்து கிடையாது. இந்த ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் கையெழுத்து இருக்கிறது.

இன்றைய போட்டிக்கு வருகிறேன். 2016இல் அமெரிக்காவின் ஃப்ரீபோர்ட் நிறுவனம், கடன் நெருக்கடியில், டெங்கே ஃபுங்குருமே சுரங்கத்தில் தனக்கிருந்த பங்கை 265 கோடி டாலருக்குச் சீனாவின் சிஎம்ஓசி நிறுவனத்துக்கு விற்றது. மின்வாகனங்களின் காலம் தொடங்கும் நேரத்தில் உலகின் மிகச் சிறந்த கோபால்ட் சுரங்கங்களுள் ஒன்றை அமெரிக்கர்களே விலைபேசிக் கொடுத்தார்கள்; சீனா பறித்துக்கொண்டது என்று சொல்பவர்கள் இதை ஏனோ மறந்துவிடுகிறார்கள். அதற்கு முன்பே, 2008இல், சாலையும் மருத்துவமனையும் கட்டித் தருகிறோம், பதிலுக்குச் செம்பும் கோபால்ட்டும் கொடுங்கள் என்ற சிகோமீன்ஸ் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. 300 கோடி டாலருக்குக் கட்டுமானம் என்பது பேச்சு; 2023இல் காங்கோவின் நிதி ஆய்வுத் துறை கணக்குப் பார்த்தபோது செலவாகியிருந்தது 82 கோடி அளவுதான். 2024 மார்ச்சில் ஒப்பந்தம் திருத்தப்பட்டு 700 கோடி என்று ஆனது. மேலை நிறுவனங்கள் உத்தமர்கள் என்றும் எண்ண வேண்டாம்: சுவிட்சர்லாந்தின் கிளென்கோர், காங்கோ உட்படப் பல நாடுகளில் லஞ்சம் கொடுத்ததை 2022இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

அமெரிக்கா தாமதமாக விழித்துக்கொண்டு, அங்கோலாவின் லோபிட்டோ துறைமுகத்திலிருந்து காங்கோ எல்லை வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் ஓடும் பழைய பெங்குவேலா ரயில்பாதையைச் சீர்செய்ய 55 கோடி டாலர் கடன் தர முன்வந்தது. அங்கோலா உள்நாட்டுப் போரில் சிதைந்த அதே பாதையைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் சீன நிறுவனம் புதுப்பித்திருந்தது. 2025இல் வாஷிங்டனில் காங்கோவுக்கும் ருவாண்டாவுக்கும் இடையே ஜூனில் அமைச்சர்களும் டிசம்பரில் அதிபர்களும் கையெழுத்திட்டார்கள். சமாதானத்தோடு சேர்த்துக் கனிமங்களும் பேசப்பட்டன. டிசம்பர் கையெழுத்து உலர்வதற்குள் எம்23 தெற்குக் கிவுவின் உவிரா நகருக்குள் நுழைந்தது.

போட்டியால் நன்மை உண்டா என்ற கேள்விக்கு, ஓரளவு உண்டு என்பேன். வாங்குபவர் இருவர் என்றால் விற்பவருக்குக் குரல் வரும். 2025 பிப்ரவரியில், கோபால்ட் விலை டன்னுக்கு 21,000 டாலர் அளவுக்கு விழுந்தபோது, காங்கோ ஏற்றுமதியையே நிறுத்தியது. அக்டோபர் 16 முதல் ஏற்றுமதிக்கு ஒதுக்கீட்டு முறை வந்தது. 2026, 2027 ஆகிய ஆண்டுகளுக்குத் தலா 96,600 டன்தான். ஆண்டு முடிவதற்குள் விலை இரட்டிப்பைத் தாண்டியது. தராசில் காங்கோ அரசே கைவைத்த அபூர்வமான தருணம் அது. ஆனால் இந்த ஆட்டத்துக்கும் எல்லை உண்டு. கோபால்ட்டே தேவைப்படாத இரும்பு–பாஸ்பேட் பேட்டரிகள் சீன மின்வாகனங்களில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிட்டன. இந்தோனேசியாவோ நிக்கலோடு சேர்த்துக் கோபால்ட்டையும் கொட்டிக்கொண்டிருக்கிறது. விலையை அளவுக்கு மீறி ஏற்றினால் வாங்குபவர் வேறு வழியைத் தேடிக்கொள்வார்.

உள்நாட்டிலேயே சுத்திகரிக்கலாமே என்று கேட்பார்கள். அதற்கு மின்சாரம் வேண்டும். 1982இல் முடிந்த இங்கா–கொல்வேசி மின்தடம், காங்கோ ஆற்றின் அணையிலிருந்து கட்டங்காச் சுரங்கங்களுக்கு ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் நீள்கிறது. வழியில் உள்ள கிராமங்களுக்கு மேலே கம்பி போகிறது. கீழே விளக்கு இல்லை. சுரங்கங்களுக்கும் அந்த மின்சாரம் போதாமல் ஜாம்பியாவிலிருந்து வாங்குகிறார்கள். வெட்டியெடுத்த கோபால்ட் ஹைட்ராக்சைடாகக் கப்பலேறி, பெரும்பாலும் சீனாவில் சுத்தமாவதற்குச் சீனாவின் திட்டமிடல் எவ்வளவு காரணமோ, இந்தக் கம்பியும் அவ்வளவு காரணம்.

கடைசியாகக் கைபேசி. சுரங்கத்தில் பிள்ளைகளை இழந்த குடும்பங்களும் உறுப்பிழந்த சிறுவர்களும் ஆப்பிள், கூகுள், டெல், மைக்ரோசாஃப்ட், டெஸ்லா ஆகிய ஐந்து நிறுவனங்கள்மீது 2019இல் அமெரிக்காவில் தொடுத்த வழக்கு 2024 மார்ச்சில் மேல்முறையீட்டிலும் தோற்றது. உலகளாவிய சங்கிலியின் மறுமுனையில் நின்று பொருள் வாங்குவது, அந்தக் குற்றத்தில் கூட்டுச் சேர்வது ஆகாது என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். சட்டம் அப்படி இருக்கும்போது பெட்டிமேல் அச்சிட்ட எந்த உறுதிமொழியையும் நான் முழுதாக நம்பமாட்டேன். ஐரோப்பாவில் விற்கும் ஃபேர்ஃபோன் போன்ற ஒன்றிரண்டு நிறுவனங்கள் கைத்தொழில் சுரங்கத்தை விட்டு ஓடாமல் அங்கேயே நின்று திருத்தப் பார்க்கின்றன. அது இந்தியாவில் கிடைப்பதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் பொருத்தப்பட்டதால் ஒரு கைபேசிக்குள் இருக்கும் மின்தேக்கி வேறு மண்ணிலிருந்து வந்ததாகிவிடாது. "காங்கோச் சரக்கு இல்லை" என்று பெருமையாகச் சொல்லும் நிறுவனத்தைவிட, "காங்கோவில் இன்ன குழியிலிருந்து, இன்ன விலைக்கு வாங்கினோம்" என்று சொல்லும் நிறுவனத்தை நான் மேலாக வைப்பேன். அப்படிச் சொல்பவர்கள் இன்று மிகக் குறைவு. அதுவரை, இப்போது கையில் இருப்பதன் பேட்டரியை மாற்றி இன்னும் இரண்டு ஆண்டுகள் ஓட்டுங்கள். பழையதை இழுப்பறையில் போட்டுவைக்காமல் முறையாகப் பிரித்தெடுப்பவரிடம் கொடுங்கள். அதற்குள் இருக்கும் கோபால்ட்டை மறுபடியும் யாரும் தோண்ட வேண்டியதில்லை.